கோவண்டியின் ஊசியும் 93 என்ற எண்ணும்

இந்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 93 என்றொரு குறியீட்டு எண் இருக்கிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பல சுற்றுகளாகப் பயன்படுத்தி வந்த இந்த எண்ணை, 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பும் ஏற்றுக்கொண்டது. வீட்டு வேலைகளைக் கவனித்தபடியே விறகு, கீரை, மாட்டுத் தீவனம் போன்றவற்றைச் சேகரிப்பவர்களையும், வீட்டுத் தேவைக்காகத் துணி தைப்பவர்களையும் நெய்பவர்களையும் இந்த எண் குறிக்கிறது. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. இரண்டுமே உழைப்புப் படைக்கு வெளியே நிற்கும் எண்கள். 93 என்று குறிக்கப்பட்ட பெண் தைக்கிறார் என்பது அரசுக்குத் தெரியும். தெரிந்தே அவரை உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியே வைக்கிறது.

இந்த எண் எதை மறைக்கிறது என்று பார்க்க மும்பையின் கோவண்டி பொருத்தமான இடம். துறைமுக ரயில் தடத்தில் செம்பூருக்கும் மான்குர்துக்கும் இடையே இருக்கும் இப்பகுதி, மாநகராட்சியின் எம்-கிழக்கு வார்டைச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த வார்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2009ஆம் ஆண்டின் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, நகரின் 24 வார்டுகளில் இதையே கடைசியில் வைத்தது. 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவரும் தேவ்னார் மேட்டின் ஓரத்தில் சிவாஜி நகரும் பைங்கன்வாடியும் வளர்ந்தன. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களால் உருவான சீட்டா கேம்ப் அதிகத் தொலைவில் இல்லை. அக்குடும்பங்களில் பெரும் பகுதி தமிழ்க் குடும்பங்கள். நகரம் தன் நடுவே வைத்துக்கொள்ள விரும்பாத குப்பையும் மனிதர்களும் சேர்த்து அனுப்பப்பட்ட இடம் இது.

இங்கே துணி எங்கும் இருக்கிறது. ஜரிகை வேலை நடக்கும் கார்கானாக்கள், ஆயத்த ஆடை தைக்கும் சிறு கூடங்கள், வெட்டியதில் மிஞ்சிய 'சிந்தி'யை மூட்டை கட்டும் கடைகள் எல்லாம் உண்டு. இவற்றைப் பற்றிப் பேசுவோர் இருக்கிறார்கள். பேசப்படாத தையல் ஒன்று வீட்டுக்குள் நடக்கிறது. நடைபாதைக் கடையிலோ, குர்லா, தாதர் சந்தையிலோ, கைபேசிச் செயலியிலோ வாங்கிய குறைந்த விலைக் குர்தியை, நைட்டியை, குழந்தையின் ஃப்ராக்கை உடுத்தத் தக்கதாக மாற்றும் தையல் அது. பக்கங்களைப் பிடித்துத் தைப்பது, நீளத்தை மடித்து அடிப்பது, கையில்லாத உடைக்குக் கை வைப்பது, கிழிந்த நைட்டியின் நல்ல பகுதியை வெட்டிச் சிறுமிக்குப் பாவாடை ஆக்குவது என்று அது நீளும். ஊசி, நூல், கத்தரிக்கோல் இருந்தால் போதும். காலால் மிதிக்கும் பழைய எந்திரம் இருந்தால் அது வசதி.

இந்தத் தையலைச் சிக்கனம் என்றும் குடும்பப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லிப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்தப் பாராட்டு ஒரு பொருளியல் உண்மையை மூடிவிடுகிறது. மலிவான உடை என்பது முழுமையாகச் செய்து முடிக்கப்படாத பொருள். உற்பத்தியின் கடைசிக் கட்டத்தை முதலாளி தன் கூடத்தில் செய்யாமல் வாங்குபவரின் வீட்டுக்குத் தள்ளிவிடுகிறார். அந்தக் கட்டத்துக்குரிய கூலி விலையில் சேர்வதில்லை என்பதும் உடை மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம்.

ஓர் உடையை உள்புறம் திருப்பிப் பார்த்தால் இது விளங்கும். விலை கூடிய உடையில் தையலுக்கு வெளியே போதிய துணி விடப்பட்டிருக்கும். ஓரங்கள் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கப்பட்டிருக்கும். தேவையான இடத்தில் லைனிங் இருக்கும். மலிவான உடையில் ஒவ்வொரு அங்குலமும் மிச்சம் பிடிக்கப்பட்டிருக்கும். தையல்கள் நீளநீளமாக, இடைவெளி விட்டு ஓடும். உள்ளே விடப்பட்ட துணி கால் அங்குலம்கூடத் தேறாது. துணியின் இழை நேராக இருக்கிறதா என்று பாராமல், எப்படி வைத்தால் கூடுதல் உருப்படி கிடைக்குமோ அப்படி வைத்து வெட்டியிருப்பார்கள். முதல் துவைப்பிலேயே பக்கவாட்டுத் தையல் முன்புறமாகத் திருகிக்கொள்ளும். 'ஃப்ரீ சைஸ்' என்ற சொல் இந்த மிச்சம் பிடித்தலுக்கு வைத்த அழகிய பெயர். எல்லாருக்கும் பொருந்தும் அளவு என்று ஒன்று இல்லை. எவருக்கும் பொருந்தாததை வாங்கி அவரவர் பொருத்திக்கொள்ள வேண்டும்.

அளவு என்பதே அரசியல் சார்ந்தது. அமெரிக்க வேளாண் துறை 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடலை அளந்து, ஆயத்த ஆடைகளுக்கான அளவு முறைக்கு அடித்தளம் இட்டது. அந்த ஆய்வு தன் முடிவுகளுக்கு வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தியச் சந்தையின் சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அடையாளங்கள் நெடுங்காலம் மேலை அளவுகளைத் தழுவியே வந்தன. தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், மும்பை உள்ளிட்ட 6 நகரங்களில் சுமார் 25,000 பேரை முப்பரிமாணக் கருவிகளால் அளந்து இந்திய அளவு முறை ஒன்றை உருவாக்கும் 'இந்தியாசைஸ்' திட்டத்தை எடுத்துக்கொண்டது அண்மையில்தான். அதுவரை தோளுக்குப் பொருந்தினால் இடுப்புக்குப் பொருந்தாத உடையைத் திருத்தும் வேலையை யார் செய்தார்கள்? அளவு நாடா இல்லாமல், பொருந்துகிற பழைய உடை ஒன்றைப் புதியதன் மேல் விரித்து, சோப்புத் துண்டால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் தைத்த பெண்கள் செய்தார்கள்.

இந்த வேலையில் உள்ள அறிவு எளிதானதும் இல்லை, தற்செயலானதும் இல்லை. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் தைத்த பிறகு சுருங்கும். பக்கத்தைப் பிடிக்கும்போது அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரே வளைவாகப் பிடிக்க வேண்டும். இடுப்பில் மட்டும் பிடித்தால் அக்குளின் கீழ் துணி மூட்டையாக நிற்கும். மார்புப் பகுதி இறுகினால் தையலைப் பிரித்து விடலாம் என்று நினைக்கவும் முடியாது, ஏனெனில் உள்ளே பிரித்து விடத் துணியே இல்லை. நீளத்தைக் குறைக்கும்போது வெட்டிய துண்டைச் சாய்சதுரமாக்கி அக்குளில் வைத்துத் தைப்பதுதான் வழி. கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தபடி மின்சார ரயிலில் செல்பவருக்கு, உடை கிழிவதும் கிழியாததும் அந்தத் துண்டில் இருக்கிறது.

வளரும் பெண்ணின் பாவாடையில் கீழே இரண்டு மூன்று மடிப்புப் பிடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து விடும் வழக்கம் தமிழ் வீடுகளுக்குப் புதிதன்று. பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு வெளிறாமல் பளிச்சென்று தெரியும்; அதை மறைக்க ஒரு லேஸோ நாடாவோ வைப்பார்கள். அந்த லேஸ் அழகுக்கு என்று பார்ப்பவர் நினைப்பார். அதை வைத்தவருக்கு, காலம் விட்டுச்சென்ற கோட்டை மறைக்கும் வேலை அது. வறுமை வெளியே தெரியாமல் இருப்பதற்குச் செலவிடப்படும் உழைப்பு, செய்து முடித்தவுடன் தானும் வெளியே தெரியாமல் போய்விடுகிறது.

துணியின் ஆயுளையும் இந்த உழைப்பே நீட்டித்தது. பருத்திச் சேலை சில ஆண்டுகள் உடுத்தப்பட்டு, பிறகு தூளியாகி, பாவாடையாகி, தலையணை உறையாகி, அடுக்கி வைத்துத் தைத்தால் மராத்தியர் 'கோதடி' என்று சொல்லும் போர்வையாகி, கடைசியில் சூடான பாத்திரம் பிடிக்கும் கரித்துணியாக முடியும். இன்றைய மலிவு உடைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். அது எளிதில் கிழிவதில்லை; ஆனால் இந்தப் பயணத்தையும் மேற்கொள்வதில்லை. ஈரத்தை உறிஞ்சாததால் குழந்தைக்கு விரிக்க உதவாது. சூட்டில் உருகுவதால் கரித்துணி ஆகாது. ஓர் உடையாகத் தன் வேலை முடிந்ததும் அது நேரே குப்பைக்குச் செல்கிறது. மும்பையில் அந்தக் குப்பை தேவ்னாரையோ அதைப் போன்ற மற்றொரு மேட்டையோ சென்றடையும். மலிவு உடையை வாங்கித் திருத்தி உடுத்தும் கோவண்டியே, நகரம் முழுவதும் திருத்தாமல் எறிந்த உடைகளின் புகையையும் சுவாசிக்கிறது.

இனி எண்ணுக்கு வரலாம். இப்பகுதியின் வீடுகளில் பெண்கள் உருப்படிக் கூலிக்கும் தைக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து போடும் ஆடைகளில் தொங்கும் நூலை வெட்டுவது, பொத்தானும் கொக்கியும் வைப்பது, மணி கோப்பது என்று டஜன் கணக்கில் கூலி பேசப்படும். காலையில் ஒப்பந்தக்காரரின் குர்திக்குக் கொக்கி வைக்கும் பெண், கணக்கெடுப்பாளர் சரியாகக் கேட்டால், சுயதொழில் செய்பவர். அவருக்கு எண் 11. பிற்பகலில் அதே ஊசியால், அதே விரல்களால் தன் மகளின் குர்திக்குக் கொக்கி வைத்தால் அது 93இன் வேலை. தையலும் உழைப்பும் ஒன்றுதான். உடுத்தப்போகிறவர் மட்டுமே வேறு. பல வேளைகளில் 11 என்ற எண்ணும் வாய்ப்பதில்லை. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு, "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்ற விடை வந்துவிடுகிறது.

அந்தச் 'சும்மா'வின் வரலாற்றை மரியா மீஸ் எழுதியிருக்கிறார். ஆந்திரத்தின் நர்சாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய அவருடைய நூல் 1982இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்து கொடுத்த அப்பெண்கள், ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டனர். அப்படிக் கருதப்பட்டதால்தான் கூலியை அவ்வளவு தாழ்வாக வைக்க முடிந்தது என்று அவர் காட்டினார். கோவண்டியின் வீட்டுத் தையல் இந்த வாதத்தை மேலும் ஒரு படி நகர்த்துகிறது. நர்சாப்பூரில் பெண்ணின் உழைப்பு விற்பனைப் பொருளுக்குள் மறைந்தது. இங்கே விற்பனை முடிந்த பிறகு, நுகர்வு என்ற பெயருக்குள் மறைகிறது.

பன்னாட்டுக் கணக்கியலிலும் இதே விரிசல் உண்டு. ஐக்கிய நாடுகள் அவை வகுத்த 2008ஆம் ஆண்டின் தேசியக் கணக்கு முறை, சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் உடை தைப்பதை உற்பத்தி என்று ஏற்கிறது. வீட்டிலுள்ள பொருள்களைப் பழுதுபார்ப்பதையோ உற்பத்தி எல்லைக்கு வெளியே, வீட்டுப் பணியாக நிறுத்துகிறது. புதுத் துணி வாங்கி ஃப்ராக் தைத்தால் நாட்டின் உற்பத்தி. வாங்கிய ஃப்ராக்கைப் பிரித்து, வெட்டி, மீண்டும் தைத்தால் வீட்டு வேலை. தாயின் நைட்டியிலிருந்து மகளுக்கு ஃப்ராக் வந்தால் அது புதிய பொருளா, பழுதுபார்த்த பொருளா? கோட்டை வரைந்தவர்கள் மனத்தில் கிழிசலுக்கு ஒட்டுப்போடும் பெண் இருந்திருக்கலாம். ஓர் உடையை இன்னோர் உடையாக்கும் பெண் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கோட்டைத் தாண்டும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2013இல் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19ஆவது பன்னாட்டு மாநாடு, பிறருக்காகவோ தனக்காகவோ பொருளோ சேவையோ உருவாக்கும் எந்தச் செயலும் வேலைதான் என்று வரையறுத்தது. 92, 93 ஆகிய எண்களுக்குள் அடைபட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்தால், இந்தியப் பெண்கள் வேலையை விட்டு விலகிவிட்டார்கள் என்ற கூற்றே மாறிவிடும் என்று ஜெயதி கோஷ் போன்ற பொருளியலாளர்கள் வாதிட்டு வந்துள்ளனர். 2024ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் அவற்றில் செலவிடுவதாகக் காட்டியது. துணியைப் பேணுவதும் செப்பனிடுவதும் அந்த நிமிடங்களுக்குள் இருக்கின்றன. ஆயினும் அந்தத் தையலின் கணிசமான பகுதி சமையலுக்கும் குழந்தைக்கும் இடையே, தொலைக்காட்சிக்கு முன்னே, துண்டு துண்டாக நடப்பது. அரைமணிக் கட்டங்களாக நாளைப் பிரிக்கும் படிவத்தில் அது எளிதில் நழுவிவிடும்.

தையல் எந்திரம் பெண்ணின் சுமையைக் குறைத்துவிட்டது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. எந்திரங்களை ஐயத்துடன் பார்த்த காந்தியே சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்களித்தார். 1924இல் ராமச்சந்திரன் என்ற மாணவருடன் நடந்த உரையாடலில், மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு அவள் மேல் கொண்ட அன்பால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்ற பொருளில் காந்தி பேசினார். வரலாறு அவ்வளவு இனியதில்லை. எலியாஸ் ஹோவ் 1846இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கரின் குறிக்கோள் வணிகம். தவணை முறை விற்பனையே அவருடைய நிறுவனத்தை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. எந்திரம் மிச்சப்படுத்திய நேரம் பெண்ணுக்கு ஓய்வாகத் திரும்பவில்லை. கூடத்தில் அது மேலும் பல உடைகளாகவும் தாழ்ந்த கூலியாகவும் மாறியது. வீட்டில், பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் தையலின் அளவைக் கூட்டியது.

அரசுகளுக்கு இந்த உழைப்பின் மதிப்பு தெரியாது என்று சொல்லவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் துணி தட்டுப்பட்டபோது பிரிட்டன் 1941 ஜூனில் உடைப் பங்கீட்டைக் கொண்டுவந்தது. இருப்பதைத் திருத்தி உடுத்துங்கள் என்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்லும் கையேட்டை 1943இல் அதன் வணிக வாரியமே அச்சிட்டது. கிழிசலைத் தைப்பது அன்று தேசக் கடமை. நம் காலத்தில் சுவீடன் 2017இல் உடை, காலணி, மிதிவண்டி ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதற்கான வரியைக் குறைத்தது. பிரான்சு 2023 முதல் உடை பழுதுபார்ப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துத் தரும் ஏற்பாட்டை நடைமுறைப்படுத்தியது. அங்கே துணி மீதான அக்கறை, தைப்பவரின் கைக்குச் சேரும் பணமாகவும் ஆகிறது. இங்கே அந்த வேலையை இலவசமாகச் செய்து முடித்தவர், பொருளாதாரத்தில் பங்கேற்காதவர் என்ற வரிசையில் நிற்கிறார்.

இதற்கு நேர்மாறான இன்னொரு காட்சியும் இதே மும்பையில் உண்டு. பழைய சேலையைச் சட்டையாக்கி, ஒட்டுத் துணிகளைக் கோட்டாக்கி, 'அப்சைக்கிளிங்' என்ற பெயரில் விற்கும் வடிவமைப்புக் கூடங்கள் பெருகியிருக்கின்றன. அவை செய்வது தவறன்று. ஒரே செயல், செய்பவரின் முகவரியைப் பொறுத்து இரண்டு பெயர் பெறுகிறது என்பதே கவனிக்கத் தக்கது. பாந்திராவில் ஒட்டுத் துணி தெரிந்தால் அது கலை. கோவண்டியில் தெரிந்தால் அது இல்லாமை. அதனால்தான் முன்னவர் ஒட்டை எடுப்பாகக் காட்டும் நூலைத் தேடுகிறார். பின்னவர் ஒட்டே தெரியாத நிறத்தில் நூல் தேடிக் கடைகடையாகச் செல்கிறார்.

பொருந்திய உடைமீதுள்ள விருப்பத்தை வெறும் அலங்காரம் என்று கருதுவோர் தென்னாட்டு வரலாற்றையும் மராட்டிய வரலாற்றையும் நினைவில் கொள்வது நல்லது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், திருவிதாங்கூர் அரசு 1859இல் அதற்கு இசைந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் இசைந்தது. துணியைக் காட்டிலும் அது உடலில் அமரும் விதமே சண்டைக்கு உரியதாக இருந்தது. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், தாழ்த்தப்பட்டவர் என்று காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டைக் கைவிட்டுக் கணுக்கால் வரை இறங்கும்படி உடுத்தச் சொன்னார் அம்பேத்கர். உடையின் நீளம் ஓர் அடையாளம் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று கோவண்டியின் குறுகிய சந்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பெண்ணின் குர்தி இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். வீடு அதை அடக்கமானது என்று ஏற்க வேண்டும். வகுப்பறை அதை மலிவானது என்று நகைக்காமல் இருக்க வேண்டும். தாய் வைத்துக் கொடுத்த கைகளும், உள்ளே கோத்த லைனிங்கும், இடுப்பில் பிடித்த அரை அங்குலமும் அவளை இரண்டிலும் தேறச் செய்கின்றன. அந்த அரை அங்குலம் இல்லாமல் அவளுடைய படிப்பு நின்றுவிடும் என்று சொன்னால் மிகை. ஆனால் அவள் நிமிர்ந்து நடப்பதில் அதற்குப் பங்கு இல்லை என்பது அதைவிடப் பெரிய பொய்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வீட்டில் ஊசி எடுப்பதையெல்லாம் உழைப்பு என்று எண்ணத் தொடங்கினால், தலை வாரி விடுவதையும் எண்ண வேண்டாமா? அன்பால் செய்வதைக் கூலிக் கணக்கில் இறக்கலாமா? மேலும், இதைப் போற்றுவது பெண்ணை ஊசிக்கே கட்டிப் போடாதா? மூன்றாவது கேள்வி வலுவானது. முதல் இரண்டுக்கும் விடை எளிது: கணக்கில் ஏறுவதால் அன்பு குறைந்துவிடாது, ஆயத்த ஆடையாக விற்கப்பட்ட பொருளைச் செய்து முடிக்கும் வேலை, தலை வாரும் வேலையைப் போன்றதும் அன்று. அந்த வேலைக்குச் சந்தையில் விலை இருக்கிறது. தெருமுனையில் ஆல்டர் செய்பவர் கூலி வாங்கித்தான் செய்கிறார். மூன்றாவது கேள்விக்குரிய விடை, போற்றுவதற்கும் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. போற்றுதல் பெண்ணை அதே இடத்தில் வைத்திருக்க உதவும். வீட்டுத் தையலைக் குணமாகப் பாடியவர்கள் அதைத்தான் செய்தார்கள். எண்ணுதல், அந்த வேலை எவ்வளவு, யார் செய்கிறார்கள், ஏன் அவர்கள் மட்டும் செய்கிறார்கள் என்று கேட்க வைக்கும். பகிர்ந்துகொள்ளச் சொல்வதற்கு முன்னால் அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே.

எண்ணாமல் விடுவதால் நேரும் இழப்பு ஏட்டளவில் நிற்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேடு வீடுசார் உழைப்பாளருக்கும் திறந்தே இருக்கிறது. 2023இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை அதில் கிடைக்கும். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் யார் என்ற கேள்வி வரும்போது, கூடத்துக்குச் சென்று தைக்கும் ஆண் தையற்காரர் ஆகிறார். வீட்டில் தைப்பவர் 'சும்மா இருப்பவர்' ஆகிறார். வீடுசார் உழைப்பு குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையை, எண் 177ஐ, இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அகமதாபாத்தில் இலா பட் 1972இல் தொடங்கிய 'சேவா', சிந்தித் துணிகளை ஒட்டிப் போர்வை உறை தைத்த பெண்களை 1970களின் பிற்பகுதியில் அமைப்பாக்கியது. அப்பெண்கள் தங்களைத் தொழிலாளர் என்று சொல்லிக்கொண்ட பிறகுதான் கூலியைப் பற்றிய பேச்சே தொடங்க முடிந்தது. பெயர் இல்லாத வேலைக்குப் பேரம் இல்லை.

செய்ய வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. முதலாவது, கேள்வியை மாற்றுவது. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதோடு, "கடந்த 7 நாட்களில் ஊசி எடுத்தீர்களா? யாருடைய உடைக்கு? எவ்வளவு நேரம்? பக்கத்து வீட்டாருக்குத் தைத்துப் பணமோ பொருளோ வாங்கினீர்களா?" என்று கேட்டால், 93க்குள் புதைந்திருக்கும் பல 11கள் மேலே வரும். இரண்டாவது, ஆயத்த ஆடையை வெட்டும் இடத்திலேயே திருத்துவதற்கு இடம் விடுவது. பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டால், ஓர் உடை ஒரு சிறுமியோடு இன்னும் இரண்டு ஆண்டுகள் வளரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சூழல் வடிவமைப்புச் சட்டம், பொருளைப் பழுதுபார்க்க முடிகிறதா என்பதையும் அளவுகோல்களில் ஒன்றாக்கியிருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைக்கும் இந்தியக் கூடங்கள் இதைக் கற்றுக்கொள்ளத்தான் போகின்றன. உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் அந்த ஒரு அங்குலத்தை மறுப்பதற்கு நியாயம் இல்லை. மூன்றாவது, ஊசியை மகனின் கையிலும் கொடுப்பது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் தொழில் அறிமுகமாகப் பத்துப் புத்தகப்பையற்ற நாட்களைப் பேசுகிறது. அவற்றில் ஒன்றில் ஒரு சிறுவன் தன் சட்டையின் நீளத்தைத் தானே மடித்து அடிக்கக் கற்றுக்கொண்டால், 289க்கும் 88க்கும் இடையே உள்ள தொலைவு பற்றி அவனுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

1936இல் தொடங்கப்பட்ட டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் தேவ்னாரில் இயங்கி வருகிறது. அதற்கு அருகிலுள்ள ரயில் நிலையம் கோவண்டிதான். எம் வார்டைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. குப்பையும் தண்ணீரும் காசநோயும் மறுகுடியமர்த்தலும் அவற்றில் நிறைந்திருக்கின்றன, இருக்கவும் வேண்டும். அந்த ஆய்வுகளில் மக்கள் பெரும்பாலும் இல்லாமைகளின் பட்டியலாகவே வருகிறார்கள். அவர்கள் அன்றாடம் எதைச் செய்து முடிக்கிறார்கள், யாருடைய செலவை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி பின்னால் தங்கிவிடுகிறது. ஆய்வு மாணவர் ஒருவர் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், நகரில் வாங்கப்பட்ட ஒரு மலிவு உடையை எடுத்துக்கொண்டு, கடையிலிருந்து கொடிக்கயிறு வரை அதைப் பின்தொடரலாம். எத்தனை கை அதைத் தைத்தது, அவற்றில் எத்தனை கைக்குக் கூலி கிடைத்தது, எந்தக் கைக்கு எந்த எண் தரப்பட்டது என்று எழுதலாம். அப்படி எழுதப்படும் ஆய்வேடு, உடையின் மேல் ஒட்டப்பட்ட விலைச்சீட்டில் இல்லாத தொகையைக் கணக்கிட்டுச் சொல்லும்.